வேளூர்ச் சாலையில் கூண்டு வண்டி

சீர்காழி சட்டைநாதர் ஆலயத்தில் கட்டுமலை ஏறிச் சென்றால், நடுத்தளத்தில் பெரியநாயகியோடு தோணியப்பர் வீற்றிருக்கும் திருக்கோலத்தைத் தரிசிக்கலாம். ஊழி வெள்ளம் உலகை மூடிய காலத்தில், அறுபத்து நான்கு கலைகளையும் ஆடையாக உடுத்து, பிரணவத்தையே தோணியாகக் கொண்டு அம்மையப்பர் மிதந்து வந்து தங்கிய இடம் இது என்று தலபுராணம் கூறும். பன்னிரு திருப்பெயர்கள் கொண்ட இவ்வூருக்குத் தோணிபுரம் என்பதும் ஒரு பெயரானது அதனால்தான். வீடு ஓரிடத்தில் நிலைத்து நிற்க வேண்டும் என்ற கட்டாயம் இறைவனுக்கே இருந்ததில்லை போலும்!

இவ்வூரில் அவதரித்த பிள்ளையாரும் அப்படித்தான். மூன்றாம் வயதில் பிரம தீர்த்தக் கரையில் ஞானப்பால் உண்ட திருஞானசம்பந்தர், அதன்பின் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை வழிநடையிலேயே கழித்தார். முதலில் தந்தையார் சிவபாத இருதயரின் தோள் வாகனமாயிற்று. பின்னர் திருநெல்வாயில் அரத்துறையில் இறைவன் முத்துச் சிவிகை அருளினான். வெயில் வாட்டிய ஒரு நாளில் பட்டீச்சரத்தில் முத்துப் பந்தலே வந்து நிழல் தந்தது.

சுந்தரருக்கு நிகழ்ந்தது இன்னும் அருகில். சீர்காழியை வணங்கிவிட்டு அடியார் கூட்டத்துடன் திருக்குருகாவூர் நோக்கி அவர் நடந்தபோது, பசியும் தாகமும் வாட்டின. வழியில் ஒரு பந்தல். அதன் நிழலில் தண்ணீரும் கட்டமுதும் வைத்துக்கொண்டு ஓர் அந்தணர் காத்திருந்தார். உண்டு, நீர் பருகி, அயர்ந்து உறங்கி எழுந்து பார்த்தால் பந்தலும் இல்லை, அந்தணரும் இல்லை. வழிப்போக்கனுக்குத் தங்கும் இடம் அமைத்துக் கொடுப்பது இறைவனே கைக்கொண்ட தொண்டு என்பதற்குச் சோழநாட்டில் இதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை.

மேனாடுகளில் மோட்டார் வண்டிக்குள்ளேயே அடுப்பும் படுக்கையும் அமைத்துக்கொண்டு ஊர் ஊராகச் செல்வோர் உண்டு. இரவில் அவ்வண்டிகள் நிற்பதற்கென்றே குழாயும் மின்சாரமும் உள்ள மைதானங்களை அங்கே அமைத்திருக்கிறார்கள். வண்டியையே வீடாக்கும் வழக்கம் நமக்கும் புதிதன்று. சித்திரை மாதத்தில் சீர்காழிப் பக்கம் வருவோர் அதை இன்றும் சாலையிலேயே காணலாம்.

சித்திரை இரண்டாம் செவ்வாய்க்கிழமை, சீர்காழிக்குத் தெற்கே ஏழு கிலோமீட்டர் தொலைவிலுள்ள வைத்தீஸ்வரன்கோயிலுக்குச் செட்டிநாட்டு நகரத்தார்கள் திரண்டு வருவார்கள். காரைக்குடி, கீழச்சிவல்பட்டி, தேவகோட்டைப் பக்கங்களிலிருந்து ஏறக்குறைய இருநூறு கிலோமீட்டர். பெரும்பாலோர் கையில் ஒரு கம்பை ஊன்றி நடந்தே வருகிறார்கள். நடக்க இயலாத முதியோரும், வழிக்கு வேண்டிய பண்டங்களும் கூண்டு வண்டிகளில் வருவது பழைய மரபு. இப்போது பண்டங்களை வேன்கள் சுமக்கின்றன. ஆயினும் மாட்டு வண்டியை விடாத குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன.

இவர்கள் வருவது வேற்றூருக்கு அன்று. காவிரிப்பூம்பட்டினத்தில் வணிகம் செய்து வாழ்ந்த தங்கள் முன்னோர் அங்கிருந்து பெயர்ந்து பாண்டிநாடு சேர்ந்தனர் என்பது நகரத்தார் மரபுச் செய்தி. அந்தப் பூம்புகார், சீர்காழிக்குத் தென்கிழக்கே இருபது கிலோமீட்டர் அளவில் கடலோரம் இருக்கிறது. இளையாற்றங்குடி, மாத்தூர், பிள்ளையார்பட்டி முதலிய ஒன்பது கோயில்களைப் பாண்டிநாட்டில் தங்களுக்கு உரியவையாகக் கொண்ட பிறகும், சோழநாட்டுத் தையல்நாயகியை அவர்கள் மறக்கவில்லை. பிறந்த வீட்டுக்கு வரும் பெண்ணைப் போல் ஆண்டுக்கு ஒருமுறை வந்து முகம் காட்டிச் செல்கிறார்கள். தேக்கு மரத் தூண்களும் இரண்டு தெருவை அளாவும் முற்றங்களும் கொண்ட மாளிகைகளைக் கட்டியவர்கள், அந்த ஒரு வாரத்துக்கு மேலான காலம் ஓர் ஆள் காலை நீட்டிப் படுக்கும் அளவே உள்ள மூங்கில் கூண்டுக்குள் குடியிருக்கிறார்கள் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அத்தகைய ஒரு வண்டி, திங்கட்கிழமை அதிகாலை மூன்று மணிக்கு மயிலாடுதுறையிலிருந்து புறப்பட்டது. உள்ளே எழுபத்தெட்டு வயதான ஓர் ஆச்சி. வைக்கோலைப் பரப்பி அதன்மேல் ஜமக்காளம் விரித்த படுக்கை. தலைமாட்டில் ஒரு தகரப் பெட்டி, பித்தளைக் குடம், மாவிளக்குக்கான பச்சரிசி மூட்டை. கூண்டின் உட்புறம் மூங்கில் வளைவுகளுக்கிடையே விசிறி, திருநீற்றுப் பை, மருந்துச் சீட்டு ஆகியவை செருகப்பட்டிருந்தன. வண்டியின் அடியில் ஓர் அரிக்கேன் விளக்கு ஆடியது. மகனும் கல்லூரியில் படிக்கும் பேரனும் வண்டியின் பின்னே நடந்தார்கள்.

இவற்றோடு இன்னொரு பொருளும் கூண்டுக்குள் நீளவாக்கில் கிடந்தது. ஒரு கம்பு. ஆச்சியின் கணவர், இரண்டு ஆண்டுகளுக்கு முன் தை மாதத்தில், அந்த ஆண்டு யாத்திரைக்கென்று தாமே வெட்டிச் சீவிக் கதவுக்குப் பின்னால் சாத்தி வைத்த கம்பு அது. மாசியில் அவர் சிவபதம் அடைந்தார். ஓராண்டுத் துக்கம் காத்ததால் வீட்டார் யாரும் யாத்திரைக்கு வரவில்லை. நடந்து வந்தவர்கள் தாம் ஊன்றிய கம்பை வைத்தீஸ்வரன்கோயிலில் கொடிமரத்தடியில் காணிக்கையாகச் சேர்ப்பது வழக்கம். இந்தக் கம்போ ஊன்றப்படாமலே இருந்தது.

“கார்ல போனா நாலு மணி நேரந்தான் ஆத்தா” என்று மகன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். “காருக்குள்ள கம்பு எதுக்குப்பா?” என்ற ஆச்சியின் கேள்விக்கு அவரிடம் விடை இல்லை.

சித்திரையில் வண்டிப் பயணம் என்பது இரவுப் பயணமே. பகல் வெயிலில் தார்ச்சாலை கொதிக்கும், மாடு தாங்காது. பின்னிரவில் பூட்டி, வெயில் ஏறுமுன் அவிழ்த்துவிட வேண்டும். மீண்டும் நான்கு மணிக்குமேல் பூட்டி இருட்டிய பின் தங்க வேண்டும். நாளொன்றுக்கு இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர் நகர்ந்தால் அது நல்ல நாள். வண்டிக்காரர் கடையாணியைத் தட்டிப் பார்த்து, அச்சுக்கு மசகு இட்டு, நுகத்தடியில் பூட்டாங்கயிற்றை இறுக்கிய பிறகே மூக்கணாங்கயிற்றைக் கையில் எடுத்தார்.

பாலத்தைக் கடக்கையில் ஆச்சி எழுந்து அமர்ந்து கைகூப்பினார். கீழே காவிரி, ஆனால் நீர் இல்லை. ஐப்பசியில் துலா நீராட்டத்துக்கு ஆயிரக்கணக்கானோர் கூடும் அந்தத் துறையில் அப்போது மணலும் நாணலுமே. மேட்டூர் அணை ஜூன் 12-ஆம் நாள் திறக்கப்பட்டால்தான் இங்கே புதுநீர் எட்டிப் பார்க்கும். வடகரை வள்ளலார் கோயில் பக்கம் திரும்பி மேதா தட்சிணாமூர்த்தியை மனத்தால் வணங்கி, “நீரிருந்தாலும் இல்லாட்டியும் காவிரி காவிரிதான்” என்று அவர் பேரனிடம் சொன்னார்.

வண்டி வடக்கே திரும்பியது. இரு பக்கமும் சம்பா அறுத்த வயல்கள். அறுவடைக்குப் பின் தெளித்த உளுந்தும் பயறும் பறிக்கப்பட்டு மண் வெடித்துக் கிடந்தது. ஆழ்குழாய்க் கிணறு உள்ளவர்களின் நிலத்தில் மட்டும் பருத்தியோ, முன்பட்டக் குறுவை நாற்றோ பச்சை காட்டியது. இருளில் அதெல்லாம் தெரியாது. மோட்டாரின் ஓசையும் ஈரமண் வாசனையும் வந்தால் அங்கே பயிர் உண்டு என்று அறிந்துகொள்ள வேண்டியதுதான். இருப்புப் பாதையில் சென்னைப் பக்கம் போகும் ரயில் ஒன்று விளக்குச் சரமாக ஓடி மறைந்தது. அதன் ஓசை அடங்கியதும் மாட்டின் கழுத்துமணி மீண்டும் கேட்டது.

ஆனந்ததாண்டவபுரம் இந்த வழிக்கு அருகில்தான் இருக்கிறது. நந்தனார் சரித்திரத்தைக் கீர்த்தனைகளாகப் பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார் வாழ்ந்த ஊர். நாளை போவேன், நாளை போவேன் என்று தில்லைக்காக ஏங்கியவரின் கதையை எழுத, யாத்திரிகர்கள் ஓயாமல் கடந்து செல்லும் இந்தச் சாலையோரத்தைவிடப் பொருத்தமான இடம் கிடைத்திருக்காது. அந்த நந்தனாருக்காக நந்தி விலகி வழிவிட்ட திருப்புன்கூரும் வைத்தீஸ்வரன்கோயிலுக்கு மேற்கே மூன்று கிலோமீட்டரில் உள்ளது.

கிழக்கு வெளுக்கும் நேரத்தில், இடப்பக்கத்து மாடு காலைத் தாங்கத் தொடங்கியது.

வண்டிக்காரர் இறங்கி முன்னங்காலை மடக்கிப் பார்த்தார். மாட்டின் குளம்பு இரண்டாகப் பிளந்திருப்பதால் ஒரு காலுக்கு இரண்டு லாடம் அடிப்பார்கள். அவற்றில் ஒன்று தேய்ந்து கழன்று விழுந்திருந்தது. ஆணி ஏறிய இடத்தில் சிறிது இரத்தம். புறப்படுமுன் நான்கு காலுக்கும் புது லாடம் அடித்துத்தான் வந்தார். இத்தனை நாள் தார்ச்சாலை அதைத் தின்றுவிட்டது. முன்பெல்லாம் சாலையோரத்து மண்தடத்தில் வண்டிகள் போகும். சாலையை அகலமாக்கி, தாரை விளிம்பு வரை இழுத்த பிறகு மாட்டுக்கென்று ஒரு தடம் இல்லாமற் போயிற்று. வேகமாகச் செல்வோருக்குக் கிடைத்த வசதியை யாரும் குறை கூற முடியாது. ஆயினும் மெதுவாகச் செல்வோரும் அதே சாலையில்தான் போக வேண்டியிருக்கிறது.

லாடம் அடிக்கும் ஆசாரிகள் முன்போல் ஊருக்கு ஒருவர் இல்லை. கோணித் துண்டை மடித்துக் குளம்பில் கட்டினார் வண்டிக்காரர். கூண்டுக்குள்ளிருந்து குரல் வந்தது.

“நான் இறங்கிக்கிறேனப்பா.”

“நீங்க ஒரு ஆளு இறங்கி என்ன ஆச்சி பாரம் குறையப் போகுது? மூட்டையை வேணா இறக்கி வேன்ல போட்டு விடுவோம்.”

“மூட்டைக்கு வாயில்லை. நான் மாட்டைப் பார்த்துக்கிட்டு உள்ள படுத்திருக்க முடியுமா?”

ஆச்சி இறங்கினார். மகன் கையைப் பிடிக்க வந்தார். அவர் கூண்டுக்குள் கைவிட்டு அந்தக் கம்பை எடுத்தார். முழங்கால் வலியால் ஆறு மாதமாக வீட்டுப் படியிறங்கவே தயங்கியவர், சாலையோரப் புல்லில் கம்பை ஊன்றி முதல் அடியை வைத்தார். பேரன் ஏதோ சொல்ல வாயெடுத்துப் பேசாமல் இருந்துவிட்டான்.

ஆண்டுதோறும் இந்தக் குடும்பம் பகலில் தங்குவது ஒரு தோப்பில். ஐந்தாறு இலுப்பை மரங்களும், படிக்கட்டுள்ள ஒரு குளமும் இருந்த இடம். எட்டு மணி அளவில் அங்கே போய்ச் சேர்ந்தபோது மரங்கள் இல்லை. நிலம் மட்டம் செய்யப்பட்டு, சுண்ணாம்புக் கோடு போட்டு, மனைகளுக்கு எண்ணிட்ட கற்கள் நட்டிருந்தன. குளத்தின் படிகள் மட்டும் எஞ்சியிருந்தன. வண்டிக்காரர் மாட்டை நிறுத்திவிட்டு நெடுநேரம் அந்தக் கற்களையே பார்த்தார்.

வழிநடையை வண்டியை விடவும் தங்கல்களே நடத்திச் செல்கின்றன என்பதை முன்னோர் நன்கு அறிந்திருந்தார்கள். நிழல், நீர், மாட்டுக்குத் தீனி, அடுப்பு மூட்ட ஓரிடம், இரவில் அஞ்சாமல் கண்ணயரக் கூடிய ஒரு திண்ணை ஆகிய ஐந்தும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு ஒருமுறை கிடைத்தால்தான் முதியவர்களும் குழந்தைகளும் யாத்திரை போக முடியும். தஞ்சை மராட்டிய மன்னர்கள் இராமேசுவர வழியில் சத்திரங்களை வரிசையாக எழுப்பியது அதற்காகவே. ஒரத்தநாட்டில் இரண்டாம் சரபோஜி 1802-இல் அமைத்த முத்தம்பாள் சத்திரம் அவற்றில் புகழ்பெற்றது. செட்டிநாட்டுப் பக்கமிருந்து தஞ்சை வருவோர் பலருக்கு அறிமுகமான கட்டடம். நகரத்தார்களும் காசி முதல் இராமேசுவரம் வரை தாங்கள் சென்ற தலங்களிலெல்லாம் சத்திரமும் விடுதியும் கட்டினார்கள். பெரிய தலங்களில் அவை நிலைத்தன. இடைவழியில் நின்ற மரங்களுக்குச் சாசனம் இல்லை. யார் வேண்டுமானாலும் வெட்டலாம்.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. நொண்டும் மாட்டை வைத்துக்கொண்டு கோயில் வரை போக முடியாது, நிற்கவோ நிழலில்லை. முன்னே போய்ப் பார்த்து வருகிறேன் என்று பேரன் ஓடினான். கால் மணி நேரத்தில் திரும்பி வந்தவன், சாலையிலிருந்து பிரியும் மண்வழியில் ஒரு மோட்டார்க் கொட்டகையும் நான்கு வேப்பமரங்களும் இருப்பதாகச் சொன்னான். நிலத்துக்காரர் அங்கேயே இருந்தார். வண்டியைக் கண்டதும் அவர் யார், எவர் என்று கேட்கவில்லை.

“வேளூருக்கா? வாங்க, வாங்க. முதல்ல மாட்டை அவிழ்த்து விடுங்க.”

மோட்டாரைப் போட்டார். தொட்டியில் தண்ணீர் விழுந்த ஓசைக்கு இரண்டு மாடுகளும் காதை நிமிர்த்தின. காவிரி வற்றினாலும் அதன் ஊற்று பூமிக்கடியில் ஓடிக்கொண்டிருக்கிறது அல்லவா? வைக்கோல் போரிலிருந்து இரண்டு கட்டு வந்தது. கொண்டு வந்த புண்ணாக்கையும் தவிட்டையும் கரைத்து வைத்தார் வண்டிக்காரர். நிலத்துக்காரர் தொலைபேசியில் யார் யாரையோ அழைத்தார். கடைசியில் பக்கத்து ஊரிலிருந்து ஒரு முதியவர், லாடமும் சுத்தியும் அடங்கிய பையோடு இருசக்கர வண்டியின் பின்னால் அமர்ந்து வந்து இறங்கினார். கயிறு போட்டு மாட்டைச் சாய்த்து, காலைக் கட்டி, குளம்பைச் சீவி, ஆணியை இம்முறை ஓரமாக ஏற்றி அடித்தார். அரைமணி நேர வேலை. கூலி எவ்வளவு என்று கேட்டதற்கு, அம்மன் வண்டிக்குக் கூலி வாங்குவதில்லை என்றார். ஆச்சி விடவில்லை. கூலியாக வேண்டாம், வெற்றிலை பாக்கில் வைத்துத் தருகிறேன் என்று சொல்லி அவர் கையில் கொடுத்த பிறகே அமர்ந்தார்.

மூன்று செங்கல் அடுப்பில் சோறு வெந்தது. வீட்டிலிருந்து கொண்டு வந்த புளிக்காய்ச்சலும், நிலத்துக்காரர் வீட்டுத் தயிரும். உண்டபின் வண்டியின் கூண்டு நிழலிலும் வேம்பின் நிழலிலும் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்தார்கள். வைத்தீஸ்வரன்கோயிலின் தலமரமும் வேம்பே. சுந்தரரும் அவர் கூட்டத்தாரும் அந்தப் பந்தலில் உறங்கியது இப்படி ஒரு சித்திரைப் பகலாகத்தான் இருந்திருக்கும். ஒரே ஒரு வேறுபாடு உண்டு. நான்கு மணிக்கு இவர்கள் கண்விழித்தபோது வேப்பமரம் அங்கேயே இருந்தது; நிலத்துக்காரரும் மோர்க் குவளையோடு நின்றிருந்தார். அடுத்த ஆண்டும் இங்கேயே அவிழ்க்கலாம் என்று அவர் சொன்னார். வண்டிக்காரர் அந்த மண்வழியின் அடையாளங்களை இரண்டு முறை கேட்டுக்கொண்டார்.

மாலையில் சாலை முழுவதும் யாத்திரிகர்கள். தோளில் துண்டும் கையில் கம்புமாக வரிசை வரிசையாக நடந்தார்கள். நீர்மோர்ப் பந்தல்களில் பானகமும் மோரும் வழங்கினார்கள். ஆச்சி மீண்டும் வண்டியில் ஏற மறுத்தார். நூறடி நடப்பார், நிற்பார், மாடும் நிற்கும். புது லாடம் தாரில் படும் ஓசை ஒரே சீராகக் கேட்டது. ஐந்து கிலோமீட்டரில் மூன்றை நடந்தும், மகன் கெஞ்சியதற்காக இரண்டை வண்டியிலும் கடந்தார். கோபுரம் கண்ணில் பட்ட இடத்தில் இறங்கிக்கொண்டார்.

புள்ளிருக்குவேளூர் என்பது இத்தலத்தின் பழம்பெயர். புள்ளாகிய ஜடாயுவும், இருக்கு வேதமும், வேளாகிய முருகனும், ஊராகிய சூரியனும் வழிபட்டதால் வந்த பெயர் அது. தருமபுரம் ஆதீனத்தின் அருளாட்சியில் விளங்கும் இவ்வாலயத்தில் இறைவன் வைத்தியநாதர். நோய் தீர உப்பும் மிளகும் காணிக்கையாக்கி, சித்தாமிர்த தீர்த்தத்தில் வெல்லம் கரைத்து, திருச்சாந்துருண்டையை மருந்தென உட்கொள்வது பக்தர்கள் வழக்கம். அங்காரகனுக்குரிய தலம் ஆதலால் செவ்வாய்க்கிழமைக்கு இங்கே தனிச் சிறப்பு. செல்வமுத்துக்குமாரசுவாமிக்கு அர்த்தஜாமத்தில் நிகழும் புனுகுக் காப்பு வழிபாட்டைக் காண்பதற்கென்றே இரவில் காத்திருப்போர் பலர்.

செவ்வாய் விடியலில் ஆச்சி சித்தாமிர்த தீர்த்தத்து நீரைத் தலையில் தெளித்துக்கொண்டு, மாவிளக்கு ஏற்றி, தையல்நாயகி சந்நிதியில் நெடுநேரம் நின்றார். பிறகு கொடிமரத்தடிக்கு வந்தார். அதற்குள் அங்கே கம்புகள் குவியத் தொடங்கியிருந்தன. நுனியில் மண் படிந்தவை, பிடியில் வியர்வைக் கறை ஏறியவை. தம் கையிலிருந்த கம்பைத் திருப்பி அதன் அடியை ஒருமுறை பார்த்தார். ஒரே பகலில் அதுவும் சற்றே தேய்ந்து சிம்பெழுந்திருந்தது. குனிந்து அதை மற்றக் கம்புகளோடு சேர்த்து வைத்தார்.

“அப்பத்தா, கையைப் பிடிச்சுக்கட்டுமா?” என்றான் பேரன்.

“இப்ப பிடிச்சுக்கய்யா” என்றார் அவர்.

புதன்கிழமை அங்கிருந்து சீர்காழி. 2023-இல் குடமுழுக்கு வேள்விச்சாலைக்கு மண் தோண்டியபோது ஐம்பொன் திருமேனிகளும் தேவாரம் பொறித்த செப்பேடுகளும் வெளிப்பட்ட இடத்தைப் பார்க்க வேண்டும் என்பது பேரனின் ஆசை. ஆச்சிக்குத் தோணியப்பரை ஒருமுறை தரிசிக்க வேண்டும். கட்டுமலைப் படி ஏற முடியுமா என்பதை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்றார். வண்டி நிறுத்தியிருந்த திடலுக்குத் திரும்பியதும் முதலில் மாட்டின் காலைக் குனிந்து பார்த்தார். பிறகு, மசகுக் குழலோடு சக்கரத்தடியில் உட்கார்ந்திருந்த வண்டிக்காரரிடம், “நாளைக்கு எத்தனை மணிக்கப்பா பூட்டுவே?” என்று கேட்டார்.

“ஏழே கிலோமீட்டர்தான் ஆச்சி. நாலு மணிக்குப் பூட்டினா வெயிலுக்கு முன்ன போய்ச் சேர்ந்திடலாம்.”